மூன்றாம் மாடியில் ஆளில்லை

ஒஸ்லோவில் பழைய செங்கல் கட்டடம் ஒன்றின் படிகளைப் பதின்மூன்று வருடமாகக் கழுவுகிறவர் பரமலிங்கம். குடியிருப்பதும் அங்கேதான், மூன்றாம் மாடியில். ஆனால் கதவில் பெயர்ப்பலகை போட்டதில்லை. அடுத்த வருடம் ஊருக்குப் போகிற ஆளுக்குப் பலகை எதற்கு என்பார். ஓரிடத்தில் ஐந்து நிமிடம் இருக்கமாட்டார் மனிதர்.

அது 2003. அந்தப் பகுதி வரலாற்றுச் சங்கத்துப் பெரித் என்ற பெண், கட்டடத்தின் கதையைப் புத்தகமாக்க வந்தார். கதவுப் பெயர்களைப் பார்த்துப் பட்டியல் எழுதி, பிழையிருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லும்படி வாசலில் ஒட்டினார். "மூன்றாம் மாடி, இடப்பக்கம்: ஆளில்லை."

பரமலிங்கத்தின் மனைவி சுகிர்தா கொதித்துப் போனார்.

"பதின்மூண்டு வருசமாய் மீன் பொரிக்கிறன். மணம் கூடவா அவைக்குப் போகேல்லை?"

"பேர் போட்டால் இஞ்சையே நிண்டிடுவம், இஞ்சேர்."

"அப்ப நீங்கள் போங்கோ. புத்தகத்திலை நானும் பிள்ளையளும் இருக்கிறம்."

சனி காலை, பெயர்ப்பலகை மாட்டத் துளை போடுகிற மெஷின் கேட்டு, கீழ்மாடியில் இருக்கிற என்னிடம் பரமலிங்கம் ஓடிவந்தார்.

"திருகாணி இல்லாமல் ஒட்டேலாதோ?"

"ஒட்டினால் விழும், விசரா."

நானே போய் நாலு திருகாணியை இறுக்கினேன். அதற்குள் அவர் மூன்று தரம் படி இறங்கி ஏறிவிட்டார்.

பெரித் வந்து பலகையைப் பார்த்து, எப்போது குடிவந்தீர்கள் என்று கேட்டார். சுகிர்தா வாய் திறக்குமுன் பரமலிங்கம் சொன்னார்: "தொண்ணூறாம் ஆண்டு, மார்ச் மாதம்."

பெரித் எழுதி முடித்ததும் பரமலிங்கம் அந்தத் தாளை வாங்கி, ஆண்டு சரிதானா என்று இரண்டு தரம் பார்த்தார்.