மருந்தடித்த காட்டு வெட்டுக்கிளிகள்

துரையின் ஓணான்களைக் கொன்றவன் நான்தான். அது தெரியாமல் செய்தது. பொன்னியின் குடும்பத்தைக் கெடுத்தவனும் நான்தான். அது தெரிந்தே செய்தது!

மலாயாவில் சிகாமட் பக்கத்து ரப்பர்த் தோட்டம். பங்களாவில் எங்கள் துரை கண்ணாடிப் பெட்டிகளில் ஓணானும் தவளையும் வளர்த்தார். அவற்றுக்கு உயிருள்ள இரை தேடுவது என் வேலை. மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஈரமணல் போட்டுச் சில்வண்டு வளர்த்தேன். தவிட்டில் புழு, கிழிந்த சாக்கில் கரப்பான். அவற்றுக்குக் கேரட் சீவிப் போடுவேன்... கூலிக்காரர் லயத்துப் பிள்ளைகள் கண்ணால் கண்டிராத கேரட்! நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

வெட்டுக்கிளியை மட்டும் வளர்க்க முடியாது, பிடிக்க வேண்டும். வெயிலில் லாலாங் புல்லில் விழுந்து எழுந்தாலும் பத்துதான் சிக்கும்.

ஒருநாள் மேட்டுக்காட்டு லாலாங் சாக மருந்து அடித்தார்கள். அங்கே மாடு கட்டக்கூடாது என்று காலைப் பெரட்டில் ஆள்கணக்கு எடுக்கும்போது கங்காணி கத்தினார். கேட்டேன். மாட்டைத்தானே சொன்னார்? வெட்டுக்கிளியை யார் சொன்னார்கள்?

போய்ப் பார்த்தால், பூப்பறிப்பது போலக் கையில் வந்தன. குதிக்கவே இல்லை. ஏன் குதிக்கவில்லை என்று ஒரு கணம் யோசித்தேனா? இல்லை... கை நிறைந்த மகிழ்ச்சி!

மறுநாள் காலை மூன்று ஓணான்களும் மல்லாந்து கிடந்தன. தவளைகளும் போயின. என் தகரத்தில் மிச்சமிருந்த வெட்டுக்கிளிகளும் செத்துக் கிடந்தன. அப்போதே விளங்கிவிட்டது. யாரும் பார்க்குமுன் அவற்றைச் சாக்கடையில் கொட்டினேன்.

துரை குதித்தார். பெட்டி கழுவுகிற பொன்னியைத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கூப்பிட்டார்.

"பெட்டியில பினாயில் ஊத்துனியா?"

"வெறும் தண்ணிங்கய்யா! வேணும்னா அண்ணனைக் கேளுங்க. பக்கத்துலதான் நின்னாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் கால்விரலைப் பார்த்தேன்.

"அவனையா? பொம்பளை நின்னா அவனுக்குத் தலையே நிமிராது. அவன் எங்க உன் கையைப் பார்த்தான்!" என்றார் கிராணி. சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நான் தப்பினேன்.

அன்றே பொன்னியும் பால்மரம் வெட்டும் அவள் புருஷனும் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு. மூன்று ஓணானுக்குக் கூடப் பெறாத குடும்பமா அது? துரைமேல் கொதிக்கிறேன், கிராணிமேல் கொதிக்கிறேன்... கொதித்து என்ன? வாய் என்னிடம் அல்லவா இருந்தது!

பானைசட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் என் வாசலில் நின்றாள்.

"பூச்சிக்கு ஊட்டத் தெரியுது. வாயைத் திறக்க மட்டும் தெரியலையா அண்ணே?"

மறுபடியும் கால்விரலைப் பார்த்தேன். பாவம், கூச்ச சுபாவம் என்றார்கள் அக்கம்பக்கத்தார். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். நினைக்காதீர்கள்! என் வேலை போய்விடும் என்ற பயம் அது. கூச்சத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றது.

அவர்கள் தங்காக் பக்கம் போனதாகக் கேள்வி. தேடிப் போகவில்லை.

அடுத்த மாதம் புது ஓணான்கள் வந்தன. பெட்டி கழுவப் புதிதாக ஒரு பெண்ணும் வந்தாள். யாரும் கேட்காமலே, அவள் முகத்தைப் பார்த்து நானாகச் சொன்னேன்:

"பினாயில் ஊத்திடாதேம்மா. முன்ன இருந்தவ ஊத்தித்தான் எல்லாம் செத்துச்சு."

நாக்குக் குழறவில்லை.