பதினோரு நிமிடம்

இன்று மதியம் ஜமுனாமரத்தூரில் அப்பாவின் பழைய லாரிக்கு ஈசிஎம் மாற்றினோம். இன்ஜினுக்கு எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று கணக்குப் போடும் கம்ப்யூட்டர் பெட்டி அது.

விபத்தில் சிக்கிய வேறொரு லாரியிலிருந்து கழற்றிய பெட்டியை, மெக்கானிக் சலீம் அண்ணன் திருப்பத்தூரிலிருந்து கொண்டு வந்திருந்தார்.

“யாரு வண்டிதுடா? டிரைவர் இன்னா ஆனான்?” என்றார் அப்பா.

“இன்னாண்ணே, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி இத்தினி கேள்வி! பொட்டி நல்ல பொட்டி.”

நாளை புளி மூட்டைகளோடு அந்த லாரியில் மலையிறங்கப் போவது அப்பாதான்.

லேப்டாப்பை மாட்டியதும் விபத்தான வண்டியின் கடைசிப் பதிவு திரையில் வந்தது.

“இத அழிச்சாதான் நம்ம வண்டி நம்பர ஏத்த முடியும்” என்றார் சலீம் அண்ணன்.

“இரு. பிரேக் புடிச்சானா பாரு.”

பிடித்திருக்கிறார். வண்டி ஒரேயடியாக நின்றிருக்கிறது. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. நின்ற பிறகும் பதினோரு நிமிடம் பிரேக்கில் கால் அழுந்தியே இருந்திருக்கிறது. பிறகு விலகியிருக்கிறது.

“யாராச்சும் வந்து தூக்கினு போயிருப்பாங்க” என்றார் அப்பா. “அழிச்சிடு.”

அப்பா ஏறிச் சாவியைத் திருப்பியதும் லாரி உடனே ஸ்டார்ட் ஆனது. அப்பா இறங்கவில்லை. எட்டிப் பார்த்தேன். நின்றிருந்த வண்டியில் பிரேக்கை மிதித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“நாளைக்கு நானும் வர்றேம்பா” என்றேன்.

பதினோராவது நிமிடத்தில் யாரோ வந்துவிட்டார்கள் என்றுதானே நீங்களும் நினைக்கிறீர்கள்? வேறு விளக்கம் தெரிந்தவர்கள், நாங்கள் மலையிறங்கிய பிறகு சொல்லுங்கள்.