எதிர்ப்பவர்களை முதலில் கேட்டவர்

திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்து, தொழிற்சங்கத் தலைவராகி, பிறகு மாகாண அமைச்சரானவர் அவர். வெள்ளைச் சட்டைக்குள்ளும் தோள்கள் இன்னும் சுமைகாரரின் தோள்கள்தான்.

துறைமுக ஒப்பந்தத் தொழிலாளர்கள் மறுநாள் வேலைநிறுத்தத்தில் இறங்க இருந்தார்கள். அதைத் தடுக்க அரசாங்கம் அவரை அனுப்பியிருந்தது. அவர் பேச வந்த கூட்டத்தில் நானும் ஆர்வம் தாங்காமல் ஓடிப்போய் நின்றேன்.

"அண்ணே, மந்திரிக் கதிரை கிடைச்சவுடன எங்களை மறந்திட்டீங்களோ?" என்று ஒருவர் கத்தினார்.

"மெத்தைக் கதிரைதான் தம்பி, முதுகுதான் நோகுது!"

கூட்டம் சிரித்தது. வேலைநிறுத்தம் வேண்டாமென்று நெடுநேரம் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டார்: "நான் சொல்லுறதுக்கு ஏலாது எண்டுறவங்கள் முதல்ல கையைத் தூக்குங்கோ."

அது அவருடைய பழைய சங்க வழக்கம். ஆதரவை முதலில் கேட்டால் பயந்தவர்களும் கை தூக்கிவிடுவார்களாம். முதலில் ஒரு கை எழுந்தது. பிறகு எல்லாக் கைகளும்.

"சரி, விளங்கிட்டு. மேலிடத்துக்கு நான் சொல்லுறன்" என்று வாகனத்தில் ஏறினார்.

ஓடிப்போய்க் கேட்டேன்: "ஐயா, ஆதரிக்கிறவங்களை முதல்ல கேட்டிருக்கலாமே?"

"ஓம் தம்பி, கேட்டிருக்கலாம்" என்றபடி கண்ணாடியை ஏற்றினார்.

மறுநாள் வேலைநிறுத்தம் தொடங்கியது; விரைவிலேயே அவருடைய பதவி போனது. வாய்ப்பழக்கத்தில் வந்த கேள்வியா, வேண்டுமென்றே கேட்டதா, எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் கண்ணாடி மூடும்வரை அந்த முகத்தில் தோற்றவரின் வாட்டம் இருக்கவில்லை.