நாலாவது பங்கு

மங்கோய்க்குக் கதை கட்ட வராது. முப்பது வருடம் மரலாரி ஓட்டியவர். "நேத்து மழை பெஞ்சுது" என்பதைக்கூட நாலு தடவை யோசித்துத்தான் சொல்வார். அப்படிப்பட்டவர் இதைச் சொன்னபோது மணியோடு சொன்னார். எந்த இடத்தில் எத்தனை மணி என்று. கைக்கடிகாரத்தை அன்றைக்கு அடிக்கடி பார்த்தாராம். அந்தக் காட்டில் நம்புவதற்கு வேறு எதுவும் இல்லை என்றார்.

இது நடந்தது. நடந்தபோது மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் இன்றைக்கும் கப்பிட் ஊருக்கு மேலே, பாலே ஆற்றங்கரையில், பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் ஒரே நெடுவீட்டில் இருக்கிறார்கள். நான் மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். ஒரு வார்த்தைகூட மாறவில்லை.

அந்த வருடம் காட்டில் பன்றி இல்லை. நோய் வந்து கூட்டம் கூட்டமாகச் செத்துப் போயிருந்தன. சனிக்கிழமை மங்கோய் மகளுக்குக் கல்யாணம். நெடுவீட்டில் இருபத்தாறு குடும்பம். பன்றிக்கறி இல்லாத கல்யாணம் என்று பேர் வாங்க மங்கோய்க்கு மனசில்லை. புதன்கிழமை விடியற்காலை படகில் கிளம்பினார்கள். மங்கோய், ரெங்கி, தெடோங். ஐம்பது வயதைத் தாண்டிய மூன்று பேர். ரெங்கி கட்டியிருப்பது தெடோங்கின் தங்கையை.

புதன்கிழமை முழுக்க நடந்தும் ஒரு குளம்படிகூடக் கண்ணில் படவில்லை. இரவு மழையில் தூக்கமில்லை. வியாழன் மதியம் 12.50க்கு, மிருகங்கள் உப்பு நக்க வரும் தூரத்து ஊற்றுப் பக்கம், தெடோங் ஒரே குண்டில் ஒரு பன்றியைச் சாய்த்தான். நல்ல கொழுத்த ஆண் பன்றி.

சந்தோஷப்படக்கூடத் தெம்பு இல்லை. மூவரும் அதைச் சுற்றிச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"சுட்டவன் வெட்டக் கூடாது," என்று சொல்லிவிட்டுத் தெடோங் ஒரு மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்ப மங்கோய்தான் வெட்டணும். போச்சு," என்றான் ரெங்கி. "போன தடவ இவன் வெட்டினப்ப பித்தப்பைய ஒடச்சி, வீடு மொத்தமும் வேப்பெண்ண குடிச்ச மாதிரி மூஞ்சிய வெச்சிக்கிட்டுச் சாப்பிட்டாங்க."

"அது இருபது வருஷம் முன்னாடிடா."

"எம் நாக்குல இன்னும் போகல."

"ஒங்க மாமியார் மட்டும் ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க."

"அவங்க பேசறதவிட அது இனிப்பா இருந்திருக்கும்."

தெடோங் கண்ணைத் திறக்காமலே, "எங்கம்மாவப் பத்திப் பேசற வாயில குடலத் திணிச்சிடுவேன்," என்றான்.

மூவரும் சிரித்தார்கள். செத்த மிருகத்தைக் கேலி பேசக் கூடாது. அது அவர்களுக்குத் தெரியும். அதனால் எப்போதும் ஒருவரை ஒருவர்தான் கேலி செய்துகொள்வார்கள். அந்தக் கட்டுப்பாட்டை அன்றைக்கும் மீறவில்லை. இதை மங்கோய் என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

மணி 1.20. மங்கோய் கத்தியைத் தீட்டிக்கொண்டு குனிந்தார். கண் எரிந்தது.  நெஞ்செலும்புக்குக் கீழே முனையை வைத்தார்.

"ரெண்டு விரல உள்ள விடு," என்று பின்னாலிருந்து குரல். "கத்திய மேல் பக்கமா பிடி. குடல்ல படாது."

"தெரியும், வாய மூடு," என்றார் மங்கோய்.

அப்படியே செய்தார். வயிறு சுத்தமாகத் திறந்தது. நிமிர்ந்து, "எப்படி?" என்று கேட்க ரெங்கியைத் தேடினார்.

ரெங்கி எதிரே, ஓடையில், முழங்கால் தண்ணீரில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தான். இருபதடி தூரத்தில்.

தெடோங்கைப் பார்த்தார். வாய் திறந்திருந்தது. குறட்டை.

களைப்பு, என்று நினைத்துக்கொண்டார் மங்கோய்.

குடலை எடுத்து, ஈரலைத் தனியாக வைத்து, உடம்பைத் துண்டு போட்டார்கள். மயிர் பொசுக்குவதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். தெடோங் எழுந்து வந்து இலைகளைப் பரப்பிப் பங்கு பிரித்தான். ஆளுக்கு ஒரு கூடை சுமை. மங்கோய் தன் கூடையைக் கொண்டுவந்தார்.

இலைகளில் நான்கு குவியல்.

"என்னடா இது?"

"என்ன?"

"நாலு பங்கு வெச்சிருக்க."

"ஆமா. நாலு பேருக்கு நாலு பங்கு," என்றான் தெடோங். சாதாரணமாகத்தான் சொன்னான். பிறகு விரலை நீட்டி எண்ணினான். "மங்கோய், ரெங்கி, நான்..."

விரல் அங்கேயே நின்றது.

"மச்சானுக்குத் தூக்கம் தெளியல," என்று ரெங்கி சிரித்தான். நாலாவது குவியலை மூன்று கூடைக்கும் பிரித்துப் போட்டான்.  

2.40க்குக் கிளம்பினார்கள். படகு கட்டிய இடத்துக்கு மூன்று மணி நேர நடை. ரெங்கி முன்னால். மங்கோய் நடுவில். தெடோங் கடைசி.

சுமை முதுகை அறுத்தது. கூடையைத் தாங்கிய பட்டை நெற்றியில் பதிந்தது. மங்கோயின் வலது முட்டி ஒவ்வொரு அடிக்கும் 'டக்' என்றது. மழைத் தூறல். சேறு. ஓர் அடி எடுத்து வைத்தால் அடுத்த அடியை நினைத்தே அலுப்பு வந்தது. கல்யாணமும் வேண்டாம், கறியும் வேண்டாம், இப்படியே சாய்ந்து படுத்தால் போதும் என்று இருந்ததாம்.

3.35.

சுமை குறைந்தது.

திடீரென்று இல்லை. மெல்ல... யாரோ பின்னாலிருந்து கூடையின் அடியில் கை கொடுத்துத் தாங்குவதுபோல. தெடோங்தான் என்று நினைத்தார் மங்கோய். அவனுக்கும் சுமை இருக்கிறதே, பாவம் என்று நினைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்புவதற்கும் தெம்பு வேண்டுமே.

"கனமா இருக்கா?" என்றது குரல், காதுக்குப் பக்கத்தில்.

"ஆமாண்டா."

"உள்ள இருக்கறத எடுத்துப் போட்டா லேசாயிடும்."

மங்கோய் சிரித்தார். குடலை எடுத்தால் மிருகம் லேசாகும் என்பது வேட்டைக்காரன் பேச்சுதான்.

"உக்காரு. நான் எடுத்து விடறேன்."

"உக்காந்தா எம் முட்டி எந்திரிக்காதுடா. கல்யாணத்துக்கு நீதான் என்னையும் சுமக்கணும்."



சற்று நேரம் பின்னால் காலடி கேட்டது. சளக்... சளக்... பிறகு அது பின்தங்கியது. கூடையின் கனம் முழுக்க ஒரே நொடியில் முதுகில் இறங்கியது. மங்கோய் முன்னால் தள்ளாடி ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டார்.

ரெங்கி நின்று திரும்பியிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"யாரோட பேசிக்கிட்டு வர்ற?"

"தெடோங்கோட."

"தெடோங் எங்க?"

மங்கோய் திரும்பினார். பாதை காலியாக இருந்தது. வளைவு வரைக்கும் சேற்றில் இரண்டே ஆள் காலடி. ரெங்கியுடையது. அவருடையது.

கூடைகளை இறக்கிப் போட்டுவிட்டு ஓடினார்கள். முட்டி வலித்ததா என்று கேட்டேன். நினைவில்லை என்றார்.

3.50. முதலில் கேட்டது சிரிப்பு. தெடோங்கின் சிரிப்புதான். அலுத்துப்போன, தூக்கக் கலக்கச் சிரிப்பு.

விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். கூடை கீழே. சட்டையைக் கழற்றி, மடித்து, பக்கத்தில் வைத்திருந்தான். இடது கையின் இரண்டு விரல் நெஞ்செலும்புக்குக் கீழே அழுத்தியிருந்தது.

வலது கையில் கத்தி.

"இங்கருந்துதான?" என்று எதிரே யாருமில்லாத இடத்தைப் பார்த்துக் கேட்டான். "சரி... சரி... மேல் பக்கமா. தெரியும்."

கத்தி முனை ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. நகக்கண் அளவு ஆழம், ஒரு விரல் நீளம். ஒரு சிவப்புக் கோடு தொப்புள் வரை இறங்கியிருந்தது.

மங்கோய் பாயப் போனார். ரெங்கி அவர் கையைப் பிடித்து நிறுத்தினான். கத்தி இருந்த நிலையில் ஒரு தள்ளு போதும்.

ரெங்கி மெல்ல நடந்து போய் எதிரே குந்தினான். அவன் உதடு நடுங்கியதை மங்கோய் பார்த்தார். குரல் மட்டும் நடுங்கவில்லை.

"மச்சான்," என்றான். "கத்திய இப்படியா பிடிப்பாங்க? பித்தப்ப ஒடஞ்சிடும்."

தெடோங் நிமிர்ந்து பார்த்தான். யாரென்று தெரியாத பார்வை.

"ஒடஞ்சா அப்புறம் ஒன்ன எவன் சாப்பிடுவான்? ஒந்தங்கச்சி என்னத்தான் திட்டுவா. எங்கண்ணன ஒழுங்கா வெட்டத் தெரியலையான்னு."

தெடோங்கின் நெற்றி சுருங்கியது. எதையோ யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்தான்.

"அப்ப நீயே வெட்டு, மாப்ள," என்று கத்தியைத் திருப்பிப் பிடியை நீட்டினான். "எனக்கு அலுப்பா இருக்கு."

ரெங்கி கத்தியை வாங்கிக் காட்டுக்குள் வீசி எறிந்தான். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

தெடோங்குக்குச் சட்டையை மாட்டி, காயத்தைத் துணியால் கட்டி எழுப்பினார்கள். அப்போதுதான் அவன் மங்கோயைப் பார்த்துக் கேட்டான்.

"ஏன் நிறுத்திட்ட? இவ்வளவு நேரம் நீதான சொல்லிக் குடுத்த?"

மூன்று கூடையையும் அப்படியே விட்டுவிட்டார்கள். தெடோங்கை நடுவில் வைத்து, ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

"பேசிக்கிட்டே வாங்க," என்றான் ரெங்கி. "வாய் மூடக் கூடாது. என்னத் திட்டுங்க. எதயாச்சும் பேசுங்க."

பேசினார்கள். முப்பது வருடத்துக் கேலி எல்லாவற்றையும் எடுத்துப் பேசினார்கள். பித்தப்பை. மாமியார். ஒரு தடவை மானென்று ரெங்கி குறிவைத்த புதர். தெடோங் காட்டில் தொலைத்துவிட்டு வந்த பல்செட்டு. எல்லாம் கேட்டுக் கேட்டுப் புளித்த பேச்சு. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கால் நகர்வதற்காகப் பேசினார்கள்.

4.40.

ஒவ்வொரு கேலிக்கும் பிறகு...

ஒரு சிரிப்பு கேட்டது.

பின்னாலிருந்து. கொஞ்சம் தாமதமாக. புரிந்துகொள்ள நேரம் எடுத்துக்கொள்வதுபோல.

மூவரும் கேட்டார்கள். யாரும் திரும்பவில்லை.

5.15. சிரிப்பு இன்னும் கிட்டத்தில்.

"பேசுங்க," என்றான் ரெங்கி. "பேசுங்க."

5.32. அது தாமதிக்கவில்லை. அவர்கள் முடிப்பதற்கு முன்பே சிரித்தது.

பேச்சை நிறுத்தினார்கள்.

சிரிப்பு நிற்கவில்லை.

5.50.

ஆறு.

படகு.

கயிற்றை அவிழ்க்கவில்லை. வெட்டினார்கள். எஞ்சின் மூன்றாவது இழுப்பில் பிடித்தது. நடு ஆற்றுக்கு வந்த பிறகுதான் மங்கோய் கரையைப் பார்த்தார். யாருமில்லை. எஞ்சின் சத்தத்துக்கு மேலே ஒன்று மட்டும் கேட்டது.

ஷ்ரக்... ஷ்ரக்...

கல்லில் கத்தி தீட்டும் சத்தம்.

சனிக்கிழமை கல்யாணம் கோழிக்கறியோடு நடந்தது. யாரும் குறை சொல்லவில்லை. தெடோங்குக்கு ஆறு தையல். வழுக்கி விழுந்ததாக மருந்தகத்தில் சொன்னான். காயத்துக்குக் கட்டுப் போட்ட பெண் அதை நம்பவில்லை. காயம் நேர்கோடாக இருக்கிறதே என்று மட்டும் கேட்டாளாம்.

மூன்று வாரம் கழித்து மங்கோய் கப்பிட் சந்தைக்குப் போனார். கீரை வாங்கிக்கொண்டு நின்றபோது தெரிந்தவர் ஒருவர், வேட்டைக்கு எங்கே போனீர்கள் என்று கேட்டார். மங்கோய் அந்த ஓடையின் பெயரைச் சொன்னார். கீரை கட்டிக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்தினாள். ஐம்பது வயது இருக்கும். லூலோங் என்று பெயர். வேறு ஆற்றங்கரைக்காரி.

"அங்க ஏன் போனீங்க?" என்றாள்.

தெரிந்தவர் போகும் வரை காத்திருந்து மங்கோய் நடந்ததைச் சொன்னார். வீட்டில்கூட அவர் அதுவரை முழுதாகச் சொன்னதில்லை.

அவள் ஆச்சரியப்படவில்லை.

"எங்கப்பா அங்கதான் போனாரு. நாலு பேரு போனாங்க. எனக்கு அப்ப ஒம்பது வயசு."

அப்பா திரும்பி வந்தது முதுகுக்கூடையில். கூடப் போன மூன்று பேரும், நெஞ்சுவலியில் போய்விட்டார் என்றார்கள். இரண்டு நாள் நடை, உடம்பு அழுகிவிடும், அதனால் குடலை எடுத்துவிட்டுத் தூக்கி வந்தோம் என்றார்கள். நெடுவீடே அவர்கள் மூஞ்சியில் காறித் துப்பியது. கூட்டாளியைப் பன்றி மாதிரி வெட்டினீர்களே என்று அவள் அம்மா சாகும்வரை அவர்களோடு பேசவில்லை. மூன்று பேரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்கள். ஒரு வார்த்தை பதில் சொன்னதில்லை.

"போன வருஷம் அவங்கள்ல கடைசி ஆளு படுக்கையில கெடந்தாரு. என்னக் கூப்பிட்டு விட்டாரு. 'ஒங்கப்பன நாங்க வெட்டலம்மா'ன்னாரு."

மங்கோய் ஓர் அடி கிட்டே வந்தார்.

"அலுப்பா இருக்கு, நீங்க முன்னாடி போங்கன்னு அப்பா உக்காந்துட்டாராம். கொஞ்ச தூரம் போயிட்டுத் திரும்பி வந்து பாத்திருக்காங்க. குடல் எல்லாம் பக்கத்துல இலை மேல இருந்துச்சாம். சுத்தமா கழுவி... தண்ணிக்கு அங்கருந்து அரை மணி நேரம் நடக்கணுமாம். அவங்க போயிட்டு வந்தது பத்து நிமிஷம்."

கீரைக்கட்டை நாரால் சுற்றினாள். முடிச்சு விழவில்லை. மறுபடி சுற்றினாள்.

"அப்பா நேரா உக்காந்து, இவங்களப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தாராம்."

"உயிரோடயா?" என்றார் மங்கோய்.

"அதத்தான் நானும் கேட்டேன்."

அவள் கட்டை நீட்டினாள்.

"அந்தப் பெரியவரு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு."