ஏழு ஊக்கு குத்திய ஜீன்ஸ்

விலை உயர்ந்த ஜீன்ஸ் வாங்கலாமா, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று யாராவது என்னிடம் கேட்டால், கையில் தீப்பெட்டி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். கேட்டவர் ஒரு மாதிரி பார்ப்பார். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். கிண்டலெல்லாம் இல்லை. நான் வேலை பார்த்த இடத்தில் துணியை அப்படித்தான் பார்ப்போம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்கள் அவை. பொன்னேரியிலிருந்து தினமும் ரயில் ஏறிக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போய்வந்தேன். கட்டடக் கம்பி தயாரிக்கும் ரோலிங் மில்லில் வேலை. உலையிலிருந்து பழுக்கக் காய்ந்த இரும்பு நெளிந்துகொண்டு ஓடி வரும். அதைக் குறடால் கவ்வித் திருப்பி, அடுத்த உருளைக்குள் செருக வேண்டும். ஒவ்வொரு தடவையும் பொறி பறக்கும். பருத்தித் துணியாக இருந்தால் பொறி பட்ட இடம் கருகி ஓட்டையாகும், அதோடு போச்சு. பாலியஸ்டர் கலந்த துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும்.

அதனால் யார் புது பேண்ட் போட்டுவந்தாலும் எங்கள் போர்மேன் கேட்டிலேயே நிறுத்துவார். காலின் மடிப்பைப் பிரித்து, துணியின் விளிம்பிலிருந்து ஒரே ஒரு நூலை உருவி, தீக்குச்சியைக் காட்டுவார். நூல் சாம்பலானால் உள்ளே போகலாம். உருகிக் கறுப்பாக உருண்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், அன்றைய கூலி கிடையாது. இதைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கும் அதே புத்தி. கல்யாணத்துக்குப் போனால்கூட எங்கள் ஆட்கள் மாப்பிள்ளையின் சட்டையில் நூல் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

இந்த நிலையில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடானது. அத்திப்பட்டில் வீடு. பெண்ணின் அப்பா அனல்மின் நிலையத்தில் பெரிய போஸ்ட் என்றார் தரகர். பெண் ஏதோ எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை, கம்பெனி வேனே வந்து கூட்டிப்போகும் என்றார். அவள் போட்டோவை அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள். அம்மா கொல்லைப் பக்கம் போகும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்த்துக்கொண்டேன். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு சிக்கல்தான். என்னை மில்லில் சூப்பர்வைசர் என்று சொல்லிவைத்திருந்தார் தரகர். அதைக் கேட்டபோது அம்மா என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

சொன்னால் அவள் வேண்டாம் என்றுவிடுவாள் என்ற பயம். அவ்வளவுதான், அதில் மறைக்க ஒன்றுமில்லை.

எங்கள் மில்லின் உண்மையான சூப்பர்வைசர் சனிக்கிழமையானால் ஜீன்ஸ் போட்டு வருவார். நெருப்புப் பக்கமே வராத ஆள், ஜீன்ஸ் புத்தம் புதிதாகவே இருக்கும். என் பேண்ட்டுகளோ நாலும் கொசுவலைக்கு அண்ணன் தம்பி. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்பவர் முகம் தெரியும். ஆக, பெண் பார்க்கப் போக ஒரு நல்ல ஜீன்ஸ், அதுவும் பார்த்தாலே விலை தெரிகிற ஜீன்ஸ் வாங்குவது என்று முடிவு கட்டினேன்.

துணைக்கு என்னோடு குறடு பிடிக்கும் கூட்டாளியைக் கூட்டிக்கொண்டேன். ஆரம்பாக்கம் பக்கத்து ஆள், பேச்சில் பாதி ஆந்திரா. எல்லாரும் அவனுக்கு நைனாதான். பொன்னேரி மார்க்கெட்டில் தரையில் குவித்து விற்கிற ஜீன்ஸைத்தான் வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தான். சென்னை போகிற ரயிலில் வழியெல்லாம் அதே பாட்டு.

"இன்னாத்துக்கு நைனா இந்த வேலை? நீ ஒரு ஜீன்ஸுக்கு குடுக்கிற டப்புல நான் நாலு பேண்ட்டு வாங்கி, பொண்ணுக்கு ஒரு பொடவையும் எடுப்பேன்."

"தரம்னு ஒண்ணு கீதில்ல?"

"கீதா? சரி, பாத்துரலாம்."

அந்தப் 'பாத்துரலாம்' எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஏசி போட்ட ஷோரூம். டை கட்டிய விற்பனையாளர் எங்களைப் பார்த்ததும் தள்ளுபடித் துணி மாடியில் என்றார். கூட்டாளிக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. விலைச் சீட்டைப் பார்க்காமலே ஒரு ஜீன்ஸை எடுத்து என் கையில் திணித்தான். நான் சீட்டைப் பார்த்தேன். என் அரை மாதச் சம்பளம். வைத்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் போட்டுப் பார்ப்பதற்குக் காசா என்று இரண்டு பேருமாக டிரையல் ரூமுக்குள் நுழைந்துவிட்டோம். கண்ணாடியில் நான் பார்த்த ஆளுக்குத் தாராளமாகப் பெண் கொடுக்கலாம். கழற்ற மனசே இல்லை.

கழற்றியதும் கூட்டாளி அதை வாங்கி உள்பக்கம் திருப்பினான். "யாருக்கும் தெரியாத எடமா பாத்து எடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே, இரண்டு காலும் சேருகிற இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூலைப் பிடித்து இழுத்தான். அது தாராளமாக வந்தது. முழங்கை நீளத்துக்கு இழுத்துப் பல்லால் கடித்துத் துண்டாக்கினான். நான் தடுப்பதற்குள் தீக்குச்சியும் உரசிவிட்டான்.

நூல் உருகி, கறுப்பாக, மிளகு போல உருண்டது.

அவன் கதவைத் திறந்துகொண்டு, எரிந்த நூலைத் தூக்கிப் பிடித்து, கடை முழுக்கக் கேட்கும்படி அறிவித்தான். "பஞ்சு இல்ல நைனா, பிளாஸ்டிக்கு! யாரும் வாங்காதீங்க!"

ஜட்டியோடு நின்ற நான் பட்டென்று கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே ஒரே களேபரம். தீ வாசனைக்கு வாட்ச்மேன் ஓடிவந்தார். மேனேஜர் வந்தார். கையில் பேண்ட் வைத்திருந்த இரண்டு பேர் அதைக் கீழே வைத்துவிட்டுப் போனார்களாம், அதற்கும் நாங்கள்தான் பொறுப்பாம். கடைசியில் நூல் உருவிய பேண்ட்டை வாங்காமல் வாசலைத் தாண்ட முடியாது என்றார்கள். வாங்கினேன். திரும்பி வரும்போது மீஞ்சூர் தாண்டும்வரை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அதற்குமேல் அடக்க முடியாமல் அவன் சிரித்தான். பிறகு நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்திப்பட்டு போனோம். நான், அம்மா, தரகர், கூட்டாளி. வேண்டாம் என்று சொல்லியும் கூட்டாளி பஜ்ஜிக்காக வந்தான். ஜீன்ஸ் தொடையில் கொஞ்சம் இறுக்கம். ஆனாலும் நடையே மாறிவிட்டிருந்தது. அந்த வீட்டில் பிளாஸ்டிக் சேர் மூன்று. அம்மாவும் தரகரும் உட்கார்ந்த பிறகு மூன்றாவதை எனக்குக் காட்டினார் பெண்ணின் அப்பா. எனக்கு எங்கிருந்தோ அடக்கம் வந்துவிட்டது.

"பரவால்லங்க, நான் கீழயே உக்காந்துக்கறேன்" என்று பாயில் சம்மணம் போட்டேன்.

சர்ர்ர் என்று ஒரு சத்தம்.

பின்பக்கம் முழுக்கக் காற்று. மூலையில் இருந்த டேபிள் ஃபேன் என்னையே குறிவைத்துத் திரும்புகிற மாதிரி இருந்தது. மெதுவாகக் கையை விட்டுப் பார்த்தேன். தையல் இடுப்புவரை விட்டுப் போயிருந்தது. துணி கிழியவில்லை, தையல் மட்டும் பிரிந்திருந்தது. கூட்டாளியைப் பார்த்தேன். அவன் மூன்றாவது சேரில் உட்கார்ந்துகொண்டு மும்முரமாகக் கேசரி தின்றுகொண்டிருந்தான்.

சரியாக அந்த நேரத்தில் அவள் காபித் தட்டோடு வந்தாள். போட்டோவைவிட நன்றாக இருந்தாள். குனிந்து எனக்குக் காபி கொடுத்தபோது அவள் பார்வை என் முகத்துக்கு வரவில்லை. இடுப்பில் ஒரு நொடி நின்றது. பிறகு அவள் உள்ளே போய்விட்டாள்.

"பையனும் பொண்ணும் கொல்லப்பக்கம் போயி ரெண்டு வார்த்த பேசினு வரட்டும்" என்றார் அவள் அப்பா.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் அசையவில்லை. எழுந்தால் மானம் போகும், எழாவிட்டால் பெண் போகும். அம்மா கண்ணாலேயே மிரட்டினாள். கால் மரத்துப்போச்சு என்று உளறினேன். நான் ஏதோ கூச்சப்படுகிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். சிரித்தபடி மற்றவர்களை எழுப்பி, புதிதாக வைத்த தண்ணீர்த் தொட்டியைக் காட்டக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். கூட்டாளி தட்டையும் கையோடு கொண்டுபோனான்.

அவள் சேரை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"தையல் உட்டுப்போச்சா?"

"சேச்சே, இல்லீங்க."

"சத்தம் கேட்டுது. நான் ஜீன்ஸ் லைன்ல செக்கரு. ஒரு நாளைக்கு எவ்ளோ பேண்ட்டு பாக்கறேன் தெரியுமா? அங்க ரெண்டு வரிசை சங்கிலித் தையலு. ஒரு வரிசையோட நுனியப் புடிச்சு இழுத்தா பூரா கழண்டுரும். மீதி ஒண்ணு எத்தினி நேரம் தாங்கும்? யாரு இழுத்தது?"

"கூட வந்தாரே, அவரு."

"இன்னாத்துக்கு?"

"கொளுத்திப் பாக்க."

"புது பேண்ட்ட எதுக்குங்க கொளுத்தணும்?"

இதற்கு ஒரு நல்ல பொய் வேண்டும். தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. கீழே பாயில், ஃபேன் காற்றில், பின்பக்கம் திறந்து கிடக்க உட்கார்ந்திருப்பவனுக்குப் பொய் சொல்லும் தைரியம் எங்கிருந்து வரும்? போர்மேனைச் சொன்னேன். பொறியைச் சொன்னேன். சொன்ன பிறகு மீதியையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"நான் சூப்பர்வைசர் இல்லீங்க. குறடு புடிக்கறவன். தரகர் சொன்னப்ப பேசாம இருந்துட்டேன். என்கிட்ட ஓட்டை இல்லாத பேண்ட்டுன்னா இது ஒண்ணுதான். இதுவும் இப்ப இல்ல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குலுங்கிக் குலுங்கி, கண்ணில் நீர் வர. எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் இவ்வளவு நல்ல சிரிப்பு கைவிட்டுப் போகப்போகிறதே என்ற வருத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

சிரித்து முடித்தபின் சொன்னாள்: "ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. தைக்கிற நூலு எந்த ஜீன்ஸ்லயும் பாலியஸ்டருதான். துணிலேர்ந்துல்ல உருவணும்? கடக்காரன் மேல தப்பே இல்ல. பாவம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு. எங்க கம்பெனில பேண்ட்டுக்கு ஓட்டை போடறதுக்குன்னே தனியா ஆளு கீறாங்க. உப்புத்தாளு வெச்சுத் தேய்ப்பாங்க, கத்தரியால குத்துவாங்க. வெளிநாட்டுக்குப் போவுது. நல்ல பேண்ட்டவிட அதுக்குத்தான் வெல ஜாஸ்தி. உங்க மில்லு பேண்ட்ட போட்டுக்கினு வந்திருந்தா நானே வாயப் பொளந்திருப்பேன்."

உள்ளே போய் ஒரு டப்பா ஊக்கு கொண்டுவந்து பாயில் வைத்தாள். "ஏழு போட்டா போதும்" என்று திரும்பி நின்றுகொண்டாள். குத்திக்கொண்டிருந்தபோது, முதுகைக் காட்டியபடியே கேட்டாள்: "அப்பாகிட்ட யாரு சொல்றது?"

"நானே சொல்றேன்."

"எப்ப?"

"வர்ற ஞாயித்துக்கெழம."

"அப்ப அந்தப் பேண்ட்ட போட்டுக்கினு வாங்க."

பொன்னேரிவரை ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். இடம் காலியாக இருந்தது. உட்காரச் சொல்லி அம்மா கெஞ்சினாள். ஏழு ஊக்கைப் பற்றி அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

அடுத்த ஞாயிறு தனியாகப் போனேன். நாலு மில் பேண்ட்டில் மிக மோசமானதைத் துவைத்துப் போட்டுக்கொண்டேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது சரி, அவள் அப்பா பெரிய போஸ்ட்டில் இருப்பவர், கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் என்ன செய்வது? வாசலில் அவர் முழங்கால்வரை சாம்பல் படிந்த பேண்ட்டோடு, அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து, வாளியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அவர் செம்பைக் கீழே வைத்தார். "அந்தத் தரகன் என்னப் பத்தி இன்னா சொன்னான்?"

"அனல்மின் நிலையத்துல பெரிய போஸ்ட்டுன்னு..."

"காண்ட்ராக்டுல சாம்பல் அள்றேன்யா நானு" என்று சொல்லி, தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரிப்பு அடங்க வெகு நேரமானது. பிறகு என்னை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தவரின் பார்வை என் முழங்கால் ஓட்டையில் நின்றது. முகம் சுருங்கிவிட்டது.

"அதெல்லாம் சரி மாப்ள. இன்னா பேண்ட்டு இது? பொண்ணு கேக்க வர்றப்ப நல்லதா ஒண்ணு வாங்கிப் போட்டுக்கினு வரக் கூடாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"சும்மா இருப்பா. அது ரொம்ப வெல ஜாஸ்தி."