உள்நாட்டுக்காரி லுசீலியா

லுசீலியா டோஸ்தேயைக் கெட்டிக்காரி என்று சொல்லிவிட முடியாது. எடுத்ததை விடாதவள், அவ்வளவுதான். போர்த்துகலைச் சேர்ந்த தெர்செய்ரா தீவின் வடகரையில், அப்பா எர்மீனியோவின் பசுக்களை இரண்டு வேளையும் மேய்ச்சல் நிலத்திலேயே கறந்து, பால் வண்டிக்கு அனுப்பிவிட்டு, மீதி நேரத்தில் படித்தாள். பசுக்களுக்கு நோய் வந்தால் எப்போதோ வரும் மாட்டு டாக்டருக்காகக் காத்திருந்து காத்திருந்து, தானே அந்தப் படிப்பைப் படித்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. இருபத்தாறு வயதில் அப்படித் தோன்றுவது தாமதம்தான். தாமதம் என்பது அவளுக்கும் தெரியும்.

கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். பள்ளி மதிப்பெண்களை மொழிபெயர்த்து அனுப்பினாள். ஆங்கிலப் பரீட்சை எழுதப் பக்கத்துத் தீவுக்கு விமானத்தில் போய் வந்தாள். ஆறு வயதுவரை டொராண்டோவில் பேசிய ஆங்கிலம் நாக்கில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது; மீதியைப் புத்தகத்திலிருந்து சேர்த்துக்கொண்டாள்.

டொராண்டோவில்தான் அவள் பிறந்தாள். எர்மீனியோ கட்டட வேலைக்குப் போய், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு, மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு தீவுக்கே திரும்பியவர். மனைவி பிறகு இறந்துவிட்டாள். கனடாவைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எர்மீனியோ ஒரே பதிலைச் சொல்வார்: "நாம அத விட்டுட்டு வந்தவங்க. யூனியன் கார்டைத் திருப்பிக் குடுத்தேன். அதோட சரி." கனடா என்பது ஒரு வேலை, விட்டால் போய்விடும் என்பது அந்த வீட்டில் யாரும் கேள்வி கேட்காத உண்மை. அதனால் விண்ணப்பத்தில் நாட்டைக் கேட்ட இடத்தில் லுசீலியா யோசிக்கவே இல்லை. போர்த்துகல் என்று போட்டாள். வெளிநாட்டு மாணவி.

இடம் கிடைத்தது. கூடவே வெளிநாட்டு மாணவர்களுக்கான கட்டணமும் வந்தது. பசுக்களை எல்லாம் விற்றாலும் முதல் வருடத்தைத் தாண்ட முடியாது. சேர்கிறேன், சேரவில்லை என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.

அந்த வாரம் புதன்கிழமை ஊரில் கயிற்று மாடு. கழுத்தில் நீளக் கயிறு கட்டிய காளையைத் தெருவில் விடும் நாளில் கடை கிடையாது, அலுவலகம் கிடையாது. ஊரே கல்சுவர்களின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். லுசீலியாவும் அப்பாவும் ஒரு சுவரில் இருந்தார்கள். நடுவில் கனடாவின் பிராம்ப்டன் ஊரிலிருந்து கோடைக்கு வந்திருந்த அத்தை மகள் டெலியா, உப்பு நீரில் ஊறிய மஞ்சள் பருப்பைத் தோலுரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி மூஞ்சி? மாடு உன்னையா முட்டிச்சு?"

"நாளைக்கு வேண்டாம்னு எழுதிடப் போறேன். வெளிநாட்டுக்காரங்களுக்குக் கேக்கற ஃபீஸ். நாங்க எங்க போக?"

டெலியா பருப்பை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினாள். "நீ எங்க பொறந்த?"

"டொராண்டோல. தெரியாத மாதிரி கேக்கற? உங்கம்மாதான தொட்டில் வாங்கிக் குடுத்தாங்க?"

"அப்புறம் நீ எப்படி வெளிநாட்டுக்காரி?"

"அதான் விட்டுட்டு வந்துட்டமே."

"விட்டுட்டு வர அது என்ன வாடகை வீடா? அங்க பொறந்தவ நீ. நிலாவுல போய் குடியிருந்தாலும் நீ அந்த ஊர்க் குடிமக. நான் இங்க ரெண்டு மாசம் மாடு பாக்கறேன், நானும் போர்த்துகல்காரியா?"

எர்மீனியோ தொப்பியைப் பின்னால் தள்ளினார். "அங்க குடியிருக்கற அனுமதி முடிஞ்சுபோச்சுன்னு எனக்குக் கடுதாசி வந்துச்சே, டெலியா. நானே படிச்சேன்."

"அது உங்களுக்கு மாமா! நீங்க பொழைக்கப் போனவரு. இவ அங்கயே பொறந்தவ. உங்களுக்குப் பல்லு விழுந்தா இவளுக்கும் விழுந்துருமா?"

அதே நேரம் காளை சுவரோரமாக வந்தது. எல்லோரும் காலை மேலே இழுத்துக்கொண்டார்கள். எர்மீனியோவின் கால் தொங்கியபடியே இருந்தது. டெலியாதான் அவர் கால்சட்டையைப் பிடித்துத் தூக்கினாள். "மாமா, முதல்ல கால்! அப்புறம் யோசிங்க!"

லுசீலியா சுவரின் மறுபக்கம் குதித்து மேய்ச்சல் நிலத்தை நோக்கி ஓடினாள். அங்கே இரைச்சல் குறைவு, போனும் எடுக்கும். கனடாவில் மதியம்தான், பல்கலைக்கழக அலுவலகம் திறந்திருக்கும். ஓடும்போது அவளுக்குச் சந்தோஷம் இல்லை, பயம்தான். பொய் எழுதினாய் என்று இருக்கிற இடத்தையும் பிடுங்கிக்கொண்டால்?

காத்திருக்கச் சொல்லி இசை ஓடிக்கொண்டிருந்தது. கறக்கும் நேரம் ஆகிவிட்டதால் பசுக்கள் வந்து அவளைச் சுற்றி நின்றன. கடைசியில் ஒரு பெண்ணின் குரல் வந்தது. லுசீலியா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"கொஞ்சம் மெதுவா சொல்லுங்கம்மா. அது என்ன சத்தம்?"

"மாடு. கறக்கணும்."

கீழே தெருவில் வாணவெடி வெடித்தது.

"அது?"

"அதுவும் மாடுதான். கூண்டுக்குள்ள அடைச்சுட்டாங்கன்னு வெடி போடறாங்க."

"சரி. பள்ளிப் படிப்பு எங்க முடிச்சீங்க?"

"இங்கதான்."

"அப்ப மார்க் பாக்கறதுக்கு நீங்க வெளிநாட்டுப் பள்ளிப் பிள்ளை. அது சரியாத்தான் இருக்கு. ஃபீஸுக்குக் குடியுரிமைதான் கணக்கு. அதுல நீங்க உள்நாடு. ரெண்டு கேள்வி, ரெண்டு பதில். நீங்க ஒரே பதிலா எழுதிட்டீங்க."

"நான் பொய் சொல்லல. எங்களுக்கு அப்படித்தான் தெரியும்."

"பொய்யின்னு யாரு சொன்னா? இதே மாதிரி நெறைய பேரு எழுதறாங்க. பிறப்புச் சான்றிதழ் இருக்கா?"

"அப்பா மாட்டுக் காகிதங்களோட வெச்சிருக்காரு."

"படம் எடுத்து இன்னிக்கே அனுப்புங்க. உங்க இடத்த யாருக்கும் குடுக்காம வெக்கச் சொல்றேன். முடிவு எழுத்துல வரும். அதுவரைக்கும் வேண்டாம்னு எதுவும் எழுதிடாதீங்க."

ஒரு மனிதர் தன்னை வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டு இருபது வருடம் வாழ்ந்துவிடலாம். அந்த நினைப்பு அப்பாவின் இடுப்பு வலியிலிருந்து வந்தது என்று தெரியாமலே. லுசீலியா அப்போது இப்படியெல்லாம் யோசிக்கவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு கறக்கத் தொடங்கினாள். அன்று பால் வண்டிக்காரர் காத்திருந்து திட்டிவிட்டுப் போனார். இரவு மாட்டுக் காகிதங்களுக்கு நடுவிலிருந்து சான்றிதழை எடுத்துப் படம் பிடித்து அனுப்பினாள்.

மறுநாள் மாலை மேய்ச்சல் நிலத்தில் இருக்கும்போது பதில் வந்தது. இடம் உண்டு. கட்டணம் உள்நாட்டு மாணவர்களுக்கானது. அது சின்னத் தொகை அல்ல. ஆனால் கடனும் உதவித்தொகையும் கேட்க அவளுக்கு உரிமை உண்டு என்று கீழே எழுதியிருந்தது. அவள் இரண்டு முறை படித்துவிட்டு, மூன்றாம் முறை அப்பாவுக்காகப் போர்த்துகீசில் சத்தமாகப் படித்தாள்.

எர்மீனியோ வேலிக் கல்லில் கையை ஊன்றி நின்று கேட்டார். "என் காகிதம் செத்துச்சு. உன்னோடதும் சேந்து செத்துச்சுன்னு நெனச்சுட்டேன்டா."

"சரி விடுங்கப்பா."

"அப்ப போறியா?"

"போறேன். ஆனா இந்தக் கறவை மிஷின நீங்க ஒத்தையா இழுக்கக் கூடாது. ஆள் வெக்கணும்."

"வெப்போம், வெப்போம். டெலியாவ வெச்சுட்டா?"

"அவளா? அவ பசுவுக்கும் காளைக்கும் வித்தியாசம் கேப்பா."

அவர் சிரித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லப் புல்லில் உட்கார்ந்தார். பிறகு மல்லாந்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. அந்தக் கட்டணக் கடிதம் வந்த நாளிலிருந்து அவர் வீட்டில் புரண்டு புரண்டு படுத்ததை லுசீலியா அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

கறவை எஞ்சினை முடுக்கினால் விழித்துவிடுவார். அவள் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பசுக்கள் முறைத்தன. பால் வண்டிக்காரர் இன்றைக்கும் திட்டட்டும் என்று இருந்துவிட்டாள்.