பதினொன்றாவது பெட்டி

செய்தி வந்தபோது ஹெப்பகோடியில் கம்பெனி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கிட்டார் வாசிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், ஃபிலோமினா அக்கா காலையில் இறந்துவிட்டார் என்று எழுதி, அவர் நினைவாக ஒரு படமும் போட்டிருந்தார். பச்சைத் தகரப் பெட்டி, அதன் நெற்றியில் சின்ன ஜன்னல், உள்ளே ஆரஞ்சு நிறத்தில் எரியும் வால்வு. ஜன்னல் லேசாகக் கோணியிருந்தது. அதைப் பார்த்ததும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் அது அக்கா செய்த பெட்டியே அல்ல. அவரிடமிருந்து திருடி நான் செய்தது.

அக்காவைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். காலால் மிதித்து கிட்டாரின் ஒலியை மாற்றும் பெடல்களை, மர்பி டவுனில் தன் வீட்டு முன்னறை மேசையில் அவர் ஒற்றை ஆளாகச் செய்தார். பகலில் பல் மருத்துவமனைகளின் எக்ஸ்ரே இயந்திரங்களைப் பழுது பார்ப்பார். பழைய ரேடியோக்களில் இருந்த அதே கண்ணாடி வால்வுதான் அவர் பெடலின் உயிர். சிலர், பேருக்கு ஒரு வால்வை வைத்து, பேட்டரி அளவு மின்சாரம் கொடுத்து விற்பார்கள். "பட்டினி போட்டுட்டுப் பாடுன்னா அது எப்படிப்பா பாடும்?" என்பார் அக்கா. அவருடைய பெட்டிக்குள் வீட்டு மின்சாரத்தைவிட அதிக வோல்ட் ஓடும்.

நான் வாங்கப் போன அன்று, ஒரே ஒரு தந்தியை மீட்டிவிட்டுச் சும்மா இருக்கச் சொன்னார். அவருக்கு கிட்டாரில் ஒரு ஸ்வரம்கூட வாசிக்கத் தெரியாது. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். "ஆரம்பம் எந்தப் பெட்டியிலும் நல்லாத்தான் இருக்கும். எப்படி அடங்குதுன்னு கேளு," என்றார். அந்த ஒலி தடித்தது, கரகரத்தது, பிறகு ஒவ்வொரு படியாக இறங்கி, வெளியே போன ஆட்டோ சத்தத்துக்கு அடியிலும் கேட்டுக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து கிட்டார் வாசிக்கிறவன், ஒரு ஸ்வரத்தை அதன் முடிவுவரை அன்றுதான் கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பாகத்தையும் வரைந்துகொண்டேன். மின்சாரப் பலகைகளைச் சோதிப்பதுதான் கம்பெனியில் என் வேலை என்பதால் தலைக்கனம் வேறு. ஒரு ரெசிஸ்டரைக் கழற்றிப் பார்த்தேன், ஒலியில் துளி மாற்றம் இல்லை. அக்கா கைப்பிசகாக வைத்துவிட்டார் என்று சிரித்துக்கொண்டு, நான் செய்த பெட்டிகளில் அதை விட்டுவிட்டேன். அதே பச்சை பெயின்ட் அடித்து, உள்ளே எண் எழுதி, பதினோரு பெட்டிகள் செய்து, யார் செய்தது என்று வாய் திறக்காமல் விற்றேன். ஜன்னலை மட்டும் அவரைப் போல நேராக வெட்ட எனக்கு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் கம்பெனி வாசலில் அக்கா நின்றார். வலது கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்தது.

"ரிப்பேருக்கு ஒருத்தன் கொண்டாந்தான். ஜன்னல் கோணலா இருக்கேன்னு பார்த்தேன், என் கைதான் கோணிப்போச்சுன்னு நினைச்சேன். என் பெட்டியாச்சேன்னு நம்பி உள்ள விரலை வச்சேன். தூக்கிப் போட்டுது. அப்புறம்தான் யார்கிட்ட வாங்கினேன்னு கேட்டேன், உன் பேரைச் சொன்னான்."

"அக்கா, அது..."

"அந்த ரெசிஸ்டர் சும்மா உக்காந்திருக்குன்னு நினைச்சியா? ஆஃப் பண்ணதுக்கு அப்புறம் கண்டன்சர்ல நிக்கிற கரண்ட்டை அதுதான் வடிக்குது. வால்வு நல்லா இருந்தா அதுவே கொஞ்சம் வடிச்சிடும். வால்வு செத்துட்டா மொத்தமும் உள்ளயே நிக்கும். வால்வு செத்தாத்தானே ஜனங்க பெட்டியத் திறப்பாங்க?"

இதே பாகம் இல்லாத பலகை ஒன்று கம்பெனியில் என் மேசைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"திருட்டைப் பத்தி அப்புறம் பேசலாம். எத்தனை வித்தே? யார் யாருக்கு?"

அடுத்த மூன்று மாதம், ஞாயிறுதோறும் அவருடைய ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போனோம். அத்திபெலேயில் ஒரு வீட்டுக்காரர், இதைச் செய்தது யார் என்று கன்னடத்தில் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். "நாங்க ரெண்டு பேரும்தான் சார். ஒரு சின்ன சாமான் விட்டுப்போச்சு," என்று கன்னடத்திலேயே சொல்லிவிட்டு, அக்கா தரையில் உட்கார்ந்து மின்சாரத்தை வடித்து, மீட்டரில் இரண்டு முறை அளந்து பார்த்து, ரெசிஸ்டரைப் பற்றவைத்தார். அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, அவ்வளவு பெரிய மனதை நான் பார்த்ததில்லை. அப்புறம் பேசலாம் என்ற பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

பத்துப் பெட்டிகள் கிடைத்தன. பதினொன்றாவதை வாங்கியவர் இன்னொருவருக்கு விற்க, அவர் யாருக்கோ கொடுக்க, தடம் அறுந்துபோனது. அதன் பிறகு அக்கா போன் செய்தால் ஹலோ கிடையாது. "பதினொண்ணு?" என்றுதான் ஆரம்பிப்பார். ஒருநாள் அலுத்துப்போய், "விடுங்கக்கா, இந்நேரம் குப்பைக்குப் போயிருக்கும்," என்றேன்.

"குப்பை பொறுக்கறவனுக்கும் கை இருக்கில்ல?" என்றார்.

அடக்கம் முடிந்ததும் அவருடைய தங்கை ரோஸி என்னைத் தனியே கூப்பிட்டார். அக்காவின் கைப்பையில், வீட்டுச் சாவியோடு ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறை இருந்ததாம். "இது உன்னுதாத்தான் இருக்கணும்," என்று கொடுத்தார். உள்ளே ஒற்றை ரெசிஸ்டர். உறையின் மேல் அக்காவின் கையெழுத்தில் 11 என்று எழுதியிருந்தது. இத்தனை வருடம் எங்கே போனாலும் அதைச் சுமந்திருக்கிறார். அவருடைய வரைபடங்களையும் கருவிகளையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு இந்த உறை போதும்.

குழுவில் வந்த படம் யாருடைய பெட்டி என்று அதைப் போட்டவருக்கே தெரியவில்லை. ஜன்னல் கோணிய பச்சைப் பெட்டி ஒன்று உங்களிடமோ, உங்களுக்குத் தெரிந்தவரிடமோ இருந்தால், வால்வு எரியாவிட்டாலும் அதைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டுக் குழுவில் ஒரு வார்த்தை எழுதுங்கள். எந்த ஊராக இருந்தாலும் நான் வருகிறேன். செய்தது யார் என்று கேட்டால் இந்த முறை தரையைப் பார்க்க மாட்டேன். ரெசிஸ்டர் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.